சீசன் முடிந்த மியூரன்: மே மாதத்தில் குடும்பத்தோடு போகலாமா?

வடலி | ஞாயிறு, இரவு 8:52

எல்லோருக்கும் வணக்கம். மே மாத இயேசு விண்ணேற்ற விடுமுறைக்கு சுவிஸ் மலையூரான மியூரனில் ஒரு விடுமுறை வீடு பார்த்து வைத்திருக்கிறேன். வியாழனோடு வெள்ளியும் பிள்ளைக்குப் பாடசாலை இல்லை, ஞாயிறு வரை நிற்கலாம். பெப்ரவரியில் இதே வீட்டுக்குச் சொன்ன வாடகையில் பாதிதான் இப்போது கேட்கிறார்கள். படத்தில் பலகணிக்கு நேரே ஐகர், மோன்ஹ், யுங்ஃப்ராவ் மூன்று சிகரமும் நிற்கின்றன.

வேலையிடத்தில் ஒரு சுவிஸ் பெண்ணிடம் சொன்னேன். "மேயிலா? அப்போது அங்கே ஒன்றுமே இராதே" என்று ஒரு மாதிரிப் பார்த்தாள். அதிலிருந்து எனக்கும் கொஞ்சம் யோசனை.

நாங்கள் ஐந்து பேர். நான், கணவர், ஒன்பது வயது மகன், மூன்று வயது மகள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் மாமி. மாமிக்கு முழங்கால் வருத்தம். சமதரையில் ஆறுதலாக நடப்பா, படி என்றால் கஷ்டம். எங்களில் ஒருவருக்கும் பனிச்சறுக்குத் தெரியாது, அதனால் சீசனில் போவதில் எங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனால் கேபிள் கார் ஓடாமல், கடை இல்லாமல் அங்கே போய் மாட்டிக்கொள்ளவும் விருப்பமில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

புகார்ப்பெட்டி | ஞாயிறு, இரவு 9:20

போகாதீர்கள். எல்லாம் பூட்டு. ஜூலையில் போங்கள்.

---

கம்பிவடம் | ஞாயிறு, இரவு 10:41

நான் தமிழ்நாட்டுக்காரன், தூண் (Thun) நகரப் பக்கம் இருக்கிறேன், என் வேலையே கேபிள் கார் சார்ந்தது. எனவே இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

"எல்லாம் பூட்டு" என்பது பாதி உண்மை. ஆல்ப்ஸ் பனிச்சறுக்கு ஊர்களுக்கு ஆண்டில் இரண்டு முறை மூச்சுவிடும் காலம் உண்டு. ஈஸ்டர் கழிந்து ஜூன் நடுப்பகுதி வரை ஒன்று, அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை இன்னொன்று. கேபிள் கார்களைப் பிரித்துப் பார்ப்பது அப்போதுதான். தளத்தில் "ரெவிசியோன்" என்று போட்டிருந்தால் பராமரிப்புக்காக நிறுத்தியிருக்கிறார்கள் என்று பொருள். பழநியில் வருடாந்திரப் பராமரிப்பு என்று ரோப்காரை நாள்கணக்கில் நிறுத்தி, மக்களைப் படியிலும் விஞ்சிலும் போகச் சொல்வார்களே, அதேதான் இங்கேயும்.

அந்த நாட்களில் நடப்பது சும்மா எண்ணெய் விடும் வேலை இல்லை. வடத்தைச் சுற்றி ஒரு காந்தக் கருவியை மாட்டி முழு நீளத்துக்கும் ஓடவிடுவோம். வெளியே கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஒரு கம்பி அறுந்திருந்தாலும் அது காட்டிவிடும். நாற்காலி லிஃப்ட் என்றால் வடத்தைக் கவ்வும் பிடிகளைக் கழற்றி விரிசல் பார்க்க வேண்டும். பெட்டி நடுவானில் நின்றுபோனால் ஆட்களைக் கயிற்றில் இறக்கும் ஒத்திகையும் உண்டு. பயணிகள் நிற்கும் நாளில் இதையெல்லாம் செய்ய முடியாது.

இனி மியூரன் கதைக்கு வருவோம். ஊர் 1,650 மீட்டர் உயரத்தில், செங்குத்துப் பாறைச் சுவரின் தலையில் இருக்கிறது. நம் காரில் மேலே போக முடியாது. போக இரண்டு வழி. கீழே பள்ளத்தாக்கில் உள்ள லவுட்டர்புருனன் ரயில் நிலையத்துக்கு எதிரிலிருந்து கேபிள் காரில் கிரூட்ஷால்ப், அங்கிருந்து பாறை விளிம்பிலேயே ஓடும் சின்ன ரயில். அந்த ரயில் 1891 முதல் ஓடுகிறது. கீழே முன்பு விஞ்ச் போன்ற வண்டி இருந்தது, 2006-ல் அதற்குப் பதிலாகக் கேபிள் கார் வந்தது. இரண்டாவது வழி, பள்ளத்தாக்கின் உள்ளே ஸ்டெக்கெல்பெர்க்கிலிருந்து நேராக மேலே ஏறும் புதிய கேபிள் கார். 2024 டிசம்பரில் திறந்தது, 159 சதவீதச் சரிவு. இந்த வகையில் உலகிலேயே செங்குத்தானது இதுதான் என்கிறார்கள். ஏறினால் நம்புவீர்கள்.

ஊருக்கு உயிர்நாடியே இந்த இரண்டு வழிதான். ஒன்று பராமரிப்பில் நின்றால் மற்றது ஓடும். ஊர்க்காரர்களும் பால் வாங்கி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி வாழ வேண்டுமே. ஆகவே மாட்டிக்கொள்வோம் என்ற பயம் வேண்டாம். நிற்பது ஊருக்கு மேலே போகும் உல்லாச வண்டிகள். அல்மென்ட்ஹூபெல் மலைவண்டி மேயில் கிடையாது, ஜூனில்தான். 2,970 மீட்டரில் சுழலும் உணவகம் இருக்கிற ஷில்ட்ஹார்னுக்கு அந்த ஆண்டின் தேதியைப் பார்க்க வேண்டும்.

வீட்டின் படத்தைப் பார்த்துப் பதிவு செய்கிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். முதலில் பராமரிப்பு அட்டவணை, அப்புறம் வீடு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

---

வடலி | திங்கள், காலை 7:05

நன்றி அண்ணா. இவ்வளவு விவரமாக ஒருவரும் சொன்னதில்லை. ஷில்ட்ஹார்ன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கீழே என்ன பார்க்கலாம், மாமியால் எங்கே நடக்க முடியும், இதுதான் இப்போது என் கேள்வி.

---

மூனிச்_முருங்கை | திங்கள், காலை 9:30

பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். பவேரியாவில் பெந்தகொஸ்து சமயத்தில் பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் விடுமுறை. அதில் நாங்கள் ஆஸ்திரியாவின் டிரோலில் இஷ்கிள் போனோம். குளிர்காலத்தில் இசையும் குடியுமாக அதிரும் ஊர். நாங்கள் போனபோது தெரு முழுக்க கிரேன். விடுதி வாசலில் எல்லாம் சாரம் கட்டியிருந்தது. காலை ஏழு மணிக்குத் துளைக்கும் இயந்திரம் தொடங்கிவிடும். திறந்திருந்தது ஒரு பேக்கரியும் ஒரு பெட்ரோல் நிலையமும்தான். என் வீட்டுக்காரர் அந்தப் பெட்ரோல் நிலையக் காபிக்கே ரசிகராகிவிட்டார்.

சில்வ்ரெட்டா மலைச்சாலையில் போகலாம் என்று பார்த்தால் அதுவும் இன்னும் திறக்கவில்லை. உயரமான கணவாய்ச் சாலைகளில் பல ஜூன் வாக்கில்தான் திறக்கும், போகிறவர்கள் அதையும் பாருங்கள்.

---

கம்பிவடம் | திங்கள், காலை 10:02

அந்தக் கிரேன் தற்செயல் இல்லை. பல சுற்றுலா ஊர்களில் சீசன் சமயத்தில் சத்தமான கட்டட வேலைக்குத் தடையோ கட்டுப்பாடோ உண்டு. ஓராண்டு வேலையை இந்தச் சில வாரங்களில் முடித்தாக வேண்டும். மியூரன் போன்ற சாலையில்லாத ஊர் என்றால் ஹெலிகாப்டரில் கான்கிரீட் வரும், அது இன்னும் சத்தம். வீட்டுக்காரருக்கு ஒரு வரி எழுதி, "பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா?" என்று கேளுங்கள். சுவிஸ்காரர்கள் கேட்டால் மறைக்க மாட்டார்கள். கேட்காவிட்டால் சொல்லவும் மாட்டார்கள்.

---

அடுப்படி | திங்கள், பின்னேரம் 5:48

தங்கச்சி, நான் 90-களில் பேர்ன் மேட்டுநிலத்தில் ஒரு பனிச்சறுக்கு ஊரின் ஹோட்டலில் கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு அங்கேயே சமையற்காரனாக இருந்தவன். அப்போது இங்கே வந்த எங்கள் ஆட்களில் பலர் இப்படிக் குசினிகளில்தான் தொடங்கினோம். மற்றவர்கள் சீசனைப் பார்க்க வருவார்கள். சீசன் எப்படி முடிகிறது என்பதைக் குசினிக்காரன்தான் பார்ப்பான்.

ஈஸ்டர் முடிந்த கிழமை முதலில் மெனு சுருங்கும். நான்கு பக்கம் இருந்தது ஒரு பக்கமாகும், அதிலும் பாதிக்கு "இன்று இல்லை" என்று சொல்வோம். குளிரறையில் உள்ளதை முடிக்க வேண்டும் என்பதால் ஊழியர்களுக்கு ராசவிருந்து. இறாலும் மாட்டு இறைச்சியும் தின்று அலுத்து, கடைசியில் நான் ஒரு மூலையில் பருப்பும் சோறும் வைத்தால் போர்த்துக்கல்காரப் பெடியங்கள் தட்டோடு வந்து நிற்பார்கள். பிறகு அவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். எனக்கு அப்போது ஊருக்குப் போக வழியில்லை. அதனால் புகைபோக்கியின் எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டுகிற வேலை எனக்குத்தான் வரும்.

ஆனால் ஒன்று. சீசன் முழுக்க முதலாளி எங்களிடம் "கெதியாக, கெதியாக" என்பதைத் தவிர வேறு பேசியதில்லை. மேயில் அதே மனுசன் கோப்பியோடு பின்வாசல் படியில் வந்து குந்துவார். தகப்பன் காலத்தில் எத்தனை மாடு இருந்தது, எந்த ஆண்டு பனிச்சரிவு எந்த வீட்டைக் கொண்டுபோனது, எல்லாம் கதைப்பார். தபால்காரன் நின்று கதைப்பான். இந்த நாட்டில் உள்ளூராட்சிக் கூட்டம் கோடை தொடங்க முன்னும் குளிர் தொடங்க முன்னும் வைப்பது வழக்கம். ஊர்ச் சண்டையெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். சீசனில் அந்த ஊர்க்காரர் எல்லோரும் வேலைக்காரர். மேயிலும் நவம்பரிலும்தான் அவர்கள் தங்கள் ஊரில் குடியிருக்கிறார்கள்.

நீங்கள் போய் வணக்கத்துக்கு "குட்டன் டாக்" என்று சொல்லாமல் "குருயெசி" என்று சொல்லிப் பாருங்கள். அங்கே பேர்ன் பக்கம் "குருயெசெக்" என்பார்கள். பெப்ரவரியில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மேயில் நின்று, எங்கே வீடு எடுத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள்.

---

கணக்குப்பிள்ளை | திங்கள், இரவு 8:15

அடுப்படி அண்ணை எழுதினால் வாசிக்க வடிவாகத்தான் இருக்கும். ஆனால் காசு கொடுத்துப் போகிறவர் பின்வாசல் படியில் குந்தப் போவதில்லை. கொஞ்சம் கணக்கும் பார்ப்போம்.

வீட்டு வாடகை பாதி, சரி. ரயிலும் கேபிள் காரும் அதே விலை. கடைசியில் சேரும் துப்புரவுக் கட்டணம் அதே விலை, சுற்றுலா வரியும் அப்படியே. சாப்பாட்டுக்கு ஊரில் ஒன்றிரண்டு இடம்தான் திறந்திருக்கும், அவர்கள் ஏன் குறைக்கப் போகிறார்கள்? "பாதி விலையில் சுவிஸ் மலை" என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான்.

உண்மையாக மிச்சம் பிடிக்க வேண்டுமானால் உங்கள் கெமைன்ட (உள்ளூராட்சி) விற்கும் ரயில் நாட்சீட்டைப் பாருங்கள். 2024-ல் வந்த புதிய முறையில் முன்கூட்டியே எடுத்தால் ஹால்ப்டாக்ஸ் (பாதிக் கட்டண அட்டை) உள்ளவருக்கு 39 பிராங்க், இல்லாதவருக்கு 52. ஒரு நாளுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கைதான், கடைசி நேரத்தில் விலை ஏறும். மாமி வருகையாளர், ஹால்ப்டாக்ஸ் இராது என்பதால் அவவுக்கு இதுதான் லாபம். மியூரன் வரை செல்லும். அதற்கு மேலே ஷில்ட்ஹார்னுக்குத் தனிச் சீட்டு. மகனுக்கு 30 பிராங்க் ஜூனியர் அட்டை எடுத்தால் ஆண்டு முழுக்கப் பெற்றோரோடு இலவசம், மகளுக்கு ஆறு வயது வரை சீட்டே தேவையில்லை.

---

அடுப்படி | திங்கள், இரவு 8:40

தம்பி, படியில் குந்துவதற்கு ஒருவரும் காசு கேட்பதில்லை. அதையும் கணக்கில் சேர்.

---

நடைவண்டி | திங்கள், இரவு 9:33

மாமிக்கான பதில் ஒருவரும் எழுதவில்லையே, நான் எழுதுகிறேன்.

மியூரன் ஊர்த்தெரு ஏறக்குறைய சமதரை. ஒரு முனையில் ரயில் நிலையம், மறுமுனையில் ஸ்டெக்கெல்பெர்க் கேபிள் கார் நிலையம், நடுவே ஆறுதலாக நடந்தால் இருபது நிமிடம். வழி முழுக்க இடப்பக்கமோ வலப்பக்கமோ அந்த மூன்று சிகரமும் கூடவே வரும். வாகனமும் இல்லை. முழங்கால் வருத்தக்காரருக்கு ஆல்ப்ஸில் இதைவிட நல்ல தெரு எனக்குத் தெரியாது.

மகனுக்கும் கணவருக்கும் கிரூட்ஷால்ப்பிலிருந்து வின்டெரெக் வழியாக மியூரன் வரும் பாதை. ரயில் தண்டவாளத்தை ஒட்டியே அதிக ஏற்றம் இல்லாமல் வரும், ஒன்றரை மணி நேரம் போதும். மே மாதத்தில் நிழல் பகுதிகளில் பழைய பனி கிடக்கலாம், காலணி நல்லதாக இருக்கட்டும். அந்தப் பனி உருகும் விளிம்பிலேயே வெள்ளையும் ஊதாவுமாகக் குரோக்கஸ் பூ முளைத்திருக்கும். ஜூலையில் போகிறவர்களுக்கு இது கிடைக்காது. ஜூலைக்காரர்களுக்குக் கிடைப்பது மாட்டுமணிச் சத்தம். மாடுகள் மேலே ஏறுவது ஜூனில்தான், மேயில் அவை கீழ்ப் புல்வெளியில் நிற்கும்.

1,800 மீட்டருக்கு மேலே போகும் பாதைகளை விட்டுவிடுங்கள். வடக்குச் சரிவுகளில் ஜூன் நடுப்பகுதி வரை பனி இருக்கும். மத்தியான வெயிலில் ஈரமாகிச் சரியும் பனி மோசமானது. மஞ்சள் பலகையில் நேரம் போட்டிருக்கிறதே என்று நம்பி ஏறக் கூடாது, அந்த நேரம் பனியில்லாத பாதைக்கு.

அடுத்தது நீர்வீழ்ச்சிகள். மேயில் லவுட்டர்புருனன் போவதற்கு இதுவே போதுமான காரணம். பனி உருகும் காலம் என்பதால் பள்ளத்தாக்கின் இரு சுவரிலும் தண்ணீர் கொட்டும். ஸ்டவுப்பாக் 297 மீட்டர் விழுகிறது. காற்றடித்தால் பாதி நீர் தரையைத் தொடாமலே புகையாகப் போய்விடும். 1779-ல் ஜெர்மன் கவிஞர் கோதே இதைப் பார்த்துவிட்டுத்தான் கவிதை எழுதினார். அங்கிருந்து ஸ்டெக்கெல்பெர்க் வரை பள்ளத்தாக்கு முழுக்கச் சமதரைப் பாதை, இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மாமி களைத்தால் எந்த நிறுத்தத்திலும் பஸ் ஏறலாம்.

வழியில் டிரியூமெல்பாக். ஐகர், மோன்ஹ், யுங்ஃப்ராவ் பனியாறுகளின் தண்ணீர் ஒரு மலையின் வயிற்றுக்குள் பத்து அருவிகளாக இறங்குகிறது. வேகம் கூடிய நாளில் நொடிக்கு 20,000 லிட்டர் வரை. பாறை அதிர்வது காலில் தெரியும். ஏப்ரல் முதல் நவம்பர் தொடக்கம் வரை திறந்திருக்கும். ஆனால் கவனம், நான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை விட மாட்டார்கள். உங்கள் மகள் வெளியே நிற்க வேண்டும். உள்ளே லிஃப்ட் இருந்தாலும் ஈரப்படிகளும் உண்டு, அதனால் மாமிக்கும் வேண்டாம். இரண்டு பேரையும் சேர்த்து வாசல் கஃபேயில் இருத்திவிட்டு நீங்கள் மூவரும் போய் வரலாம்.

---

புகார்ப்பெட்டி | திங்கள், இரவு 10:10

லவுட்டர்புருனனில் மேயிலேயே கூட்டம் தொடங்கிவிடுகிறது. கார் நிறுத்த இடமில்லை. பகல் பயணிகளின் கார்களுக்கு நுழைவுக் கட்டணம் வைக்கலாமா என்று 2024-ல் ஊராட்சியே யோசித்தது. இதுவா அமைதி?

---

நடைவண்டி | திங்கள், இரவு 10:25

கூட்டம் தேவாலயத்துக்கும் ஸ்டவுப்பாக்குக்கும் நடுவே, படம் எடுக்கும் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான். பின்னேரம் ஐந்து மணிக்குப் பேருந்துகள் போய்விடும். மேலே மியூரனில் தங்குகிறவர்களுக்கு அந்தக் கூட்டம் ஒரு பொருட்டே இல்லை. காரை எடுக்காமல் ரயிலில் போனால் உங்கள் பிரச்சினையும் தீர்ந்தது.

---

லாச்சப்பல் | செவ்வாய், மதியம் 12:18

பாரிஸிலிருந்து எழுதுகிறேன். "ஆஃப் சீசன்" என்று எல்லா ஊரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். பிரான்சில் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவு.

சாமோனி 1924-ல் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர். உண்மையான ஊர், பள்ளிக்கூடம், மருத்துவமனை, சந்தை எல்லாம் உண்டு. நவம்பரில் 3,842 மீட்டர் எகுயில் துய் மிடி கேபிள் கார் பராமரிப்புக்கு நிற்கும், ஆனால் பேக்கரிக்காரன் கடையைத் திறந்துதான் ஆக வேண்டும். வால் தோரன்ஸ் அப்படியில்லை. 2,300 மீட்டரில் பனிச்சறுக்குக்காகவே 1970-களில் கட்டி எழுப்பிய இடம். மே நடுவில் அங்கே போனால் பூட்டிய அடுக்குமாடிகளும் காற்றும்தான் மிஞ்சும். இந்தக் கட்டடங்களை வெயிலில் பார்க்கவே ஒரு சோகம். பனி மூடியிருந்தால்தான் அவை அழகு.

ஊர் பழையதா, பனிச்சறுக்குக்காகக் கட்டியதா? இதைக் கேட்டாலே பாதிப் பதில் கிடைத்துவிடும். மியூரன் பழைய வகை. ஆங்கிலேயர் சுற்றுலா வருவதற்கு முன்பே அங்கே மலைவாழ் மக்கள் இருந்தார்கள்.

---

சென்னைவெயில் | செவ்வாய், மாலை 6:50

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நாங்கள் நவம்பர் மூன்றாம் வாரம் சென்னையிலிருந்து வருகிறோம். பிள்ளைகள் பனியைத் தொட்டுப் பார்க்க வேண்டும், அதுதான் பயணத்தின் நோக்கமே. மியூரன் சரிப்படுமா?

---

கம்பிவடம் | செவ்வாய், இரவு 7:31

பனிக்காகவே வருகிறீர்கள் என்றால் மியூரனை நம்பி வராதீர்கள். நவம்பரில் அந்த உயரத்தில் ஒரு வாரம் வெள்ளையாக இருக்கும், அடுத்த வாரம் ஃபோன் (Föhn) எனும் சூடான மலைக்காற்று வந்து பழுப்புப் புல்லாக்கிவிடும். உறுதியான பனி வேண்டுமானால் பனியாறு இருக்கும் உயரத்துக்குப் போங்கள். 3,454 மீட்டர் யுங்ஃப்ராவ்யோக் ஆண்டு முழுக்க ரயிலில் போகும் இடம். இன்டர்லாக்கனில் தங்கிக்கொண்டு, காலையில் நேரலைக் கேமரா பார்த்து, மேலே வெளிச்சம் இருந்தால் மட்டும் சீட்டு எடுங்கள். விலை அதிகம், மேகத்துக்குள் போய் வெள்ளைச் சுவரைப் பார்த்துத் திரும்புவதில் பயனில்லை. செர்மாட்டின் கிளைன மாட்டர்ஹார்ன் 3,883 மீட்டர், அதுவும் நல்ல தேர்வு. டிட்லிஸ் என்றால் கவனம், வழக்கமாக நவம்பரில் சில நாள் பராமரிப்புக்கு மூடுவார்கள்.

மேலே போனதும் பிள்ளைகளை ஓட விடாதீர்கள். ரயில் அவ்வளவு உயரத்துக்கு இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும், உடம்பு அவ்வளவு வேகமாகப் பழகாது. தலைவலி வந்தால் அடுத்த ரயிலில் இறங்கிவிடுங்கள்.

---

மேகத்துக்குமேல் | செவ்வாய், இரவு 9:05

பனியை விடுங்கள், நவம்பரை ஏன் எல்லோரும் குறை சொல்கிறீர்கள்? நான் ஓல்டன்காரன். ஆரே ஆற்றுப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், நவம்பரில் வாரக்கணக்காக வெயிலே இராது. சாம்பல் நிற மூடுபனி ஆயிரம் மீட்டர் உயரம் வரை மூடியைப் போல உட்கார்ந்துவிடும். குளிர்ந்த கனமான காற்று கீழே தேங்க, இளஞ்சூடான காற்று அதன்மேல் படுத்துக்கொள்வதால் கலையவே கலையாது. அதே நேரத்தில் மேலே நீல வானம். கேபிள் கார் மூடுபனியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் அந்த ஒரு நிமிடத்தில், பெட்டிக்குள் பேசிக்கொண்டிருந்த எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

வடலி ஆராவ் பக்கம் என்று வேறோர் இழையில் பார்த்தேன். அக்கா, உங்களுக்கு மே தேவையில்லை. மேயில் ஆராவே அழகு. நவம்பரில்தான் ஓட வேண்டும்.

---

நடைவண்டி | செவ்வாய், இரவு 9:40

நவம்பரில் பகல் குட்டை. லவுட்டர்புருனன் அடிவாரத்தில் இரு சுவருக்கும் நடுவே வெயில் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். டிரியூமெல்பாக் மூடியிருக்கும், அருவிகளில் தண்ணீரும் குறைவு. இரவில் செயற்கைப் பனி அடிக்கும் இயந்திரம் வேறு இரையும், வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே இறங்கியதும் தொடங்கிவிடுவார்கள். பெரியவர்கள் இருவர் போய்ப் புத்தகம் வாசிக்க நவம்பர் சரி. பிள்ளைகளோடு என்றால் மே.

---

மேகத்துக்குமேல் | செவ்வாய், இரவு 9:52

அதில் தப்பில்லை. நான் புத்தகக்காரன்தான்.

---

வடலி | புதன், காலை 6:58

எல்லோருக்கும் நன்றி. மாமி ஒரு புதுக் கேள்வி கிளப்பியிருக்கிறா. போன ஆண்டு மலை இடிந்து ஒரு ஊரையே மூடிய வீடியோவை யாரோ வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார்கள். "அதுவும் மேயில்தானே நடந்தது" என்கிறா.

---

கம்பிவடம் | புதன், காலை 8:20

அவர் சொல்வது லோட்ஷென்டால் பள்ளத்தாக்கின் பிளாட்டன் ஊர். 2025 மே 28-ல் பிர்ஹ் பனியாறு பாறையோடு சரிந்து ஊரை மூடியது. மே 19-லேயே ஏறக்குறைய முந்நூறு பேரையும் மாடுகளோடு வெளியேற்றிவிட்டார்கள் என்பதையும் மாமிக்குச் சொல்லுங்கள். ஆபத்து இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், வெப்பம் கூடக்கூட மேலே உறைந்திருக்கும் பாறை இளகுகிறது. ஆனால் கண்காணிப்பு இருக்கிறது. பாதையை அடைத்துப் பலகை வைத்திருந்தால் தாண்டிப் போகாதீர்கள், உங்களிடம் நான் கேட்பது அவ்வளவுதான். மலை மீட்பு ஹெலிகாப்டருக்கு 1414, கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

---

அடுப்படி | புதன், பின்னேரம் 6:12

சாப்பாட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஊரில் கூப் பல்பொருள் கடை உண்டு, ஆனால் சீசன் இல்லாதபோது நேரத்தைக் குறைத்து, மத்தியானம் பூட்டிவிடுவார்கள். விண்ணேற்றத் திருநாள் வியாழனும் ஞாயிறும் நம்ப வேண்டாம். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், தேங்காய்ப்பால் வீட்டிலிருந்து. மரக்கறியும் பாலும் இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்துக்கு எதிர்க் கடையில், புதன் பின்னேரமே.

பிரஷர் குக்கர் கட்டாயம். 1,650 மீட்டரில் தண்ணீர் 95 பாகைக்குள்ளேயே கொதித்துவிடும். சட்டியில் வைத்தால் கடலையும் பருப்பும் அவியாது, புழுங்கலரிசி நடுவில் நறுக்கென்று நிற்கும். நான் அங்கே முதலில் பருப்பு வைத்தபோது செஃப் வந்து, இன்னும் எவ்வளவு நேரம் அடுப்பை எரிப்பாய் என்று கேட்டார்.

மீன் மட்டும் பொரிக்க வேண்டாம், தங்கச்சி. மரவீடு, மணம் ஒரு மாதம் நிற்கும். வைப்புப் பணத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

---

மூனிச்_முருங்கை | புதன், இரவு 7:45

இன்னொன்று, கழிப்பறை. கேபிள் கார் நிலையம் மூடியிருந்தால் அதன் கழிப்பறையும் மூடியிருக்கும். மூன்று வயதுக் குழந்தையோடு போகிறவர்கள் இதை முதலில் யோசியுங்கள்.

---

வடலி | வியாழன், இரவு 8:30

வீட்டுக்காரருக்கு எழுதினேன். பக்கத்தில் கட்டட வேலை இல்லையாம். கீழே ஒரு விடுதியில் கூரை மாற்றுகிறார்கள், ஆனால் திருநாளன்றும் வார இறுதியிலும் சத்தம் இராதாம். இரண்டு வழியில் ஒன்று அந்த வாரம் ஓடும் என்று அவரும் எழுதியிருக்கிறார். பதிவு செய்துவிட்டோம். கடைசியாக ஒன்று: பிள்ளைத் தள்ளுவண்டி, பெட்டிகள், மாமி, இத்தனையோடும் எந்த வழி சுகம்? வீடு ரயில் நிலையப் பக்கம்.

---

கம்பிவடம் | வியாழன், இரவு 9:14

அப்படியானால் கிரூட்ஷால்ப் வழி. லவுட்டர்புருனனில் ரயிலிலிருந்து இறங்கித் தெருவைக் கடந்தால் கேபிள் கார். மேலே அதே கட்டடத்திலேயே சின்ன ரயில் காத்திருக்கும், கால்மணி நேரத்தில் மியூரன். மகனிடம் கேபிள் காருக்கு அடியில் பார்க்கச் சொல்லுங்கள், ஊருக்கான சரக்கு அங்கேதான் தொங்கிக்கொண்டு போகும். அந்த வழி பராமரிப்பில் இருந்தால் 141-ஆம் இலக்கப் பஸ்ஸில் ஸ்டெக்கெல்பெர்க் கேபிள் கார் நிலையம். அப்போது மேலே ஊர்த்தெரு முழுக்கப் பெட்டி தள்ள வேண்டும். விடுதி வண்டிகள் மேயில் வராது, சக்கரம் நல்லதாக உள்ள பெட்டியாக எடுங்கள்.

---

சென்னைவெயில் | வியாழன், இரவு 9:50

இதே மாதிரி ஆன்டெர்மாட் பற்றியும் யாராவது சொல்ல முடியுமா? அங்கே நவம்பரில் விடுதி மலிவாகக் காட்டுகிறது.

---

நடைவண்டி | வியாழன், இரவு 10:03

ஆன்டெர்மாட்டுக்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே வந்து எழுதுகிறேன். ஃபுர்கா, கோட்ஹார்ட் கணவாய்ச் சாலைகள் அப்போது மூடியிருக்கும், ரயிலில் வருவதாக வைத்துத் திட்டம் போடுங்கள்.